திருநெல்வேலியா சென்னையா: சட்டம் படிக்கப் போகும் ஒரு பெண்ணுக்கு

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள், ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, தமிழ் வழி. அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. நாலு பக்கக் கடிதம், சுருக்கித் தருகிறேன்.

“மேடம், எனக்கு வக்கீலுக்குப் படிக்கணும். எங்க வீட்டுக்குப் போற வழி சம்பந்தமா அப்பா ஒன்பது வருஷமா கேஸ் நடத்துறாங்க, அதைப் பார்த்து வந்த ஆசை. மார்க் நல்லாவே இருக்கு. நான் மாஜிஸ்திரேட் ஆகணும்னு அம்மாவுக்கு ஆசை. டியூஷன் சார் ஒரு வருஷம் வீட்டிலிருந்து, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்றதுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுதச் சொல்றார். திருவனந்தபுரத்தில் இருக்கிற மாமா அங்கே ஒரு தனியார் கல்லூரியில் சேரச் சொல்றாங்க, அவங்க வீட்டிலேயே தங்கிக்கலாம். சென்னையில் சீர்மிகு சட்டப் பள்ளி கிடைச்சா யோசிக்காம போயிடுன்னு எல்லாரும் சொல்றாங்க. திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிக்கு அப்பாவோட ஒருநாள் போய்ப் பார்த்தேன், எனக்கு அங்கே பிடிச்சிருந்தது, ஆனா அது சின்னக் காலேஜ்னு சொல்றாங்க. நான் கூட்டத்தில் பேசமாட்டேன், இங்கிலீஷும் பயம். எது எனக்குச் சரியா வரும்?”

மக்களே (எங்கள் ஊரில் பிள்ளையை இப்படித்தான் கூப்பிடுவோம்),

அம்மா, மாமா, டியூஷன் சார், ஊர்க்காரர்கள் என்று உன் கடிதம் முழுக்க அடுத்தவர் நினைப்பு. உன் நினைப்பு ஒரே ஒரு வரியில் வந்துவிட்டுப் போகிறது, “போய்ப் பார்த்தேன், பிடிச்சிருந்தது.” அந்த வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு அப்புறம் வருகிறேன், அதற்கு முன் சொல்ல வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன.

முதலில் பேச்சு. கூட்டத்தில் பேசமாட்டேன் என்பதை ஏதோ நோய் மாதிரி எழுதியிருக்கிறாய். நான் பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல் என்று இந்த மாவட்டத்துக் கோர்ட்டுகளில் இருபது வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஜூனியராக இருந்த ஒரு பெண் உன்னைப் போலத்தான், கட்சிக்காரர் வந்தால் “வாங்க” என்பதற்கு மேல் வார்த்தை வராது. ஒரு அதிர்த்தி வழக்கு, அதாவது எல்லைத் தகராறு. எதிர்க்கட்சிச் சாட்சி கூண்டில் நின்று, இந்த வேலி முப்பது வருஷமாக இதே இடத்தில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறார். நான் என்ன கேட்டும் ஆள் அசையவில்லை. இவள் பின்னால் உட்கார்ந்து, இடத்தைப் பார்த்துவர கோர்ட் அனுப்பிய அட்வகேட் கமிஷனரின் பிளானையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் “அயனி மூடு, வேலிக்கு உள்ளே மூணடி” என்று எழுதி நீட்டினாள். வெட்டிய அயனி மரத்தின் மூடு, அதாவது அடிக்கட்டை இருந்த இடத்தை சர்வேயர் சின்ன வட்டமாகக் குறித்திருந்தார், நான் அதைக் கவனிக்கவே இல்லை. அயனி எங்கள் கட்சிக்காரரின் எல்லை மரம் என்று பழைய ஆதாரத்தில், அதாவது சொத்துப் பத்திரத்தில், இருக்கிறது. வேலி போட்டது மரம் வெட்டியதற்கு முன்பா பின்பா என்று கேட்டேன், பின்னாடிதான் என்றார். மரம் எப்போது வெட்டினீர்கள் என்றேன். மகள் கல்யாணத்துக்குக் கட்டிலும் அலமாரியும் செய்ய வெட்டினது என்றார், கல்யாணம் நடந்து ஆறு வருஷம். முப்பது வருஷ வேலி அங்கேயே சாய்ந்தது. அன்று கோர்ட்டில் அந்தப் பெண் வாய் திறக்கவே இல்லை. சிவில் வேலையில் பாதிக்கு மேல் இப்படித்தான், காகிதத்தைப் பொறுமையாகப் பார்ப்பதும் எதிரே இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதும். ஆனாலும் ஒன்று, பேசவேண்டிய நேரத்தில் பேசியாக வேண்டும். அதைப் பழக உனக்குக் கூச்சம் இல்லாத ஒரு இடம் வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் உன்னிடம் முதலில் கேட்பதே அதுதான், எந்த வகுப்பில் உனக்கு வாய் திறக்கும்?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அதை யாரிடமும் கேட்காமல் போய்ச் சேர்ந்தவள். வெளியூரில் பேர் பெற்ற ஒரு கல்லூரி. வீட்டில் எல்லோருக்கும் பெருமை, பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்பினார்கள். முதல் வாரமே வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள், தக்கலை என்று நான் சொன்னதும் ஒரு பையன் “அது கேரளாவா?” என்று கேட்க, வகுப்பே சிரித்தது. பெரிய விஷயம் ஒன்றும் கிடையாது. ஆனால் பதினேழு வயதில் அது பெரிய விஷயம். கடைசி பெஞ்சுக்குப் போனவள் மூன்றாம் வருஷம் வரை அங்கேயேதான் இருந்தேன், நல்ல ஆசிரியர்கள் இருந்தும் ஒரு சந்தேகம்கூடக் கேட்டது கிடையாது. மூன்றாம் வருஷ லீவில் ஊருக்கு வந்து இங்கே ஒரு வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து தமிழில் எழுதிய பிராது ஒன்றை முதல் முதலாகப் படித்தபோதுதான், ஓ இதுதானா சிவில் நடைமுறைச் சட்டம் என்று புரிந்தது. அந்தக் கல்லூரி மோசம் என்று சொல்லமாட்டேன், என்னோடு படித்த பலருக்கு அது நல்ல வாழ்க்கையைத் தந்திருக்கிறது. எனக்கு அது ஒத்துவரவில்லை, இரண்டரை வருஷம் வீணாயிற்று.

சரி, உன் கையில் இருக்கும் வழிகளுக்கு வருவோம்.

கிளாட் எழுத ஒரு வருஷம் காத்திருப்பது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் நல்ல இடங்கள்தான், நமக்குத் திருச்சியிலேயே ஒன்று இருக்கிறது, பக்கத்தில் கொச்சியில் இன்னொன்று. அந்தத் தேர்வு இரண்டு மணி நேரம், 120 கேள்வி, தப்பு விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள், எல்லாமே நீளமான ஆங்கிலப் பத்திகளைப் படித்துப் பதில் சொல்லும் கேள்விகள். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார். மதிப்பெண்ணை விடு, எழுந்திருக்கும்போது இன்னொன்று எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறதா, தலை வலிக்கிறதா என்று மட்டும் பார். தலை வலித்தால் அதற்காக ஒரு வருஷத்தைக் கொடுக்காதே. அங்கே கட்டணமும் வருஷத்துக்கு லட்சக் கணக்கில் போகும், கல்விக் கடன் வாங்கினால் படித்து முடித்ததும் கடனைக் கட்டுவதற்காகவே கம்பெனி வேலைக்கு ஓட வேண்டிவரும், குழித்துறை கோர்ட்டில் ஜூனியராக உட்கார்ந்து அந்தக் கடனைக் கட்ட முடியாது. நீ எழுதியிருப்பது வழித் தகராறைப் பார்த்து வந்த ஆசை. அந்த ஆசைக்கு அந்தப் பாதை ரொம்பச் சுற்று.

திருவனந்தபுரம். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது அந்நிய ஊர் இல்லை. 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் திருவிதாங்கூர்-கொச்சிதானே, இந்த மாவட்டத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய மார்ஷல் நேசமணிகூட திருவனந்தபுரத்தில் சட்டம் படித்துவிட்டு வந்துதான் நாகர்கோவிலில் வக்கீல் ஆனார். இன்னொரு லாபமும் இருக்கிறது, மலையாளம். போன மாதம் ஒருவர் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு ஆதாரம் கொண்டுவந்தார், மடித்த இடமெல்லாம் கிழிந்து, தொட்டால் உதிர்கிற மாதிரி. கொல்லம் ஆண்டு 1098 மீனம் என்று தேதி, அதாவது 1923. எல்லாம் மலையாள எழுத்து. வடக்கே தோடு, அதாவது ஓடை, என்று எல்லை எழுதியிருக்கிறது, இன்று அந்தத் தோட்டின் மேல் ரோடு போகிறது. இதைப் படிக்கத் தெரிந்த இளம் வக்கீல்கள் இங்கே குறைந்துகொண்டே வருகிறார்கள். நீ எங்கே படித்தாலும் சரி, மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள், இந்த மாவட்டத்தில் அது உனக்குச் சோறு போடும். ஆனால் அதற்காக அங்கே போய் ஐந்து வருஷம் படிக்க வேண்டியதில்லை. அங்கே நிலச் சட்டம் என்றால் 1963-ஆம் வருஷத்துக் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள், நீ திரும்பி வந்து நம்முடைய சட்டங்களை முதலிலிருந்து படிக்கவேண்டும். தனியார் கல்லூரிக் கட்டணம் வேறு. அப்புறம் மாமா வீடு. மாமா நல்லவராகத்தான் இருப்பார், ஆனால் ஐந்து வருஷம் இன்னொருவர் வீட்டில் தங்கிப் படிக்கிற பெண் பிள்ளை ராத்திரி பதினொரு மணிக்கு விளக்கு எரிய வைப்பதற்கும் யோசிக்கவேண்டியிருக்கும், லீவில் ஆபீசுக்குப் பயிற்சிக்குப் போவதற்கும் அனுமதி கேட்கவேண்டியிருக்கும். இதை உன் அம்மாவிடம் நீ சொல்ல முடியாது, நான் சொன்னதாகச் சொல்.

இனி சென்னை. சீர்மிகு சட்டப் பள்ளி டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தானே நடத்தும் இடம், ஹானர்ஸ் பட்டம். மாதிரி நீதிமன்றப் போட்டிகள், பெரிய வக்கீல்களிடம் பயிற்சி, உயர் நீதிமன்றம் அதே ஊரில் இருப்பது, எல்லாம் அங்கே கிடைக்கும். கம்பெனிச் சட்டம், வரி, உயர் நீதிமன்ற வக்கீல் தொழில் என்று உன் மனசு போனால் கிடைத்தவுடன் போ, நான் தடுக்கமாட்டேன். யாராவது துரத்திக்கொண்டே இருந்தால்தான் படிப்பேன் என்கிற ஆளாக இருந்தாலும் போ, சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஓடும்போது நாமும் ஓடுவோம்.

திருநெல்வேலியில் உன்னை யாரும் துரத்தமாட்டார்கள். நம் ஊர் அரசு சட்டக் கல்லூரிகளில் படித்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். நீயாக நூலகத்துக்குப் போகவேண்டும், நீயாக ஆசிரியரைத் தேடிப் போய்க் கேட்கவேண்டும், மதியத்துக்கு மேல் என்ன செய்வது என்று நீயாக முடிவு செய்யவேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த நேரத்தைப் பயன்படுத்தி மேலே வருவார்கள், சிலர் அதே நேரத்தில் டீக்கடையில் உட்கார்ந்து ஐந்து வருஷத்தை முடித்துவிட்டு வருவார்கள். நீ எந்த வகை என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். பிளஸ் டூவில் யாரும் சொல்லாமல் நீயாக உட்கார்ந்து படித்த பாடம் எது என்று யோசித்துப் பார், ஒன்றாவது இருந்தால் பயப்படவேண்டாம்.

அங்கே உனக்கு என்ன பிடித்தது என்று நீ எழுதவில்லை. அதை எனக்கு எழுதவேண்டாம், உன் நோட்டில் எழுது. மரமும் கட்டடமும்தான் பிடித்தது என்றால் அது போதாது. அங்கே பார்த்த பெண்கள் உன்னைப் போலப் பேசினார்களா, யாராவது நின்று பதில் சொன்னார்களா, அங்கே நீ உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்க்க முடிந்ததா, அப்படி ஏதாவது என்றால் அதை லேசாக நினைக்காதே. பிடித்த இடத்தில்தான் சந்தேகம் கேட்கத் தோன்றும்.

இன்னொரு தடவை போ. இந்த முறை வேலை நாளில், கல்லூரி திறந்து வகுப்பு நடக்கும்போது, காலை பத்து மணிக்கே. அப்பாவை டீக்கடையில் உட்காரச் சொல்லிவிட்டு நீ மட்டும் உள்ளே போ. முதல் வருஷப் பிள்ளைகளிடம் கேட்காதே, அவர்களுக்கு எல்லாமே புதுசு. நாலாம் வருஷம், ஐந்தாம் வருஷம் படிக்கும் அக்காக்களைப் பிடி. “காலேஜ் நல்லா இருக்கா” என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். போன வாரம் எத்தனை வகுப்பு நடந்தது, சொத்துரிமை மாற்றுச் சட்டம் யார் எடுக்கிறார்கள், லீவில் நீங்கள் யாரிடம் பயிற்சிக்குப் போனீர்கள், உங்களுக்கு முந்தின செட்டு இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேள். நூலகத்துக்குள் போய் சும்மா நில், புதுக் குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1-லிருந்து நடப்பில் இருக்கின்றன, பாரதிய நியாய சன்ஹிதா புத்தகம் மேஜையில் புரண்டு கிடக்கிறதா, இன்னும் பழைய தண்டனைச் சட்டம்தான் அலமாரியில் இருக்கிறதா என்று பார். ஹாஸ்டலையும் பார், தண்ணீர், கழிப்பறை, ராத்திரி பாதுகாப்பு. கருங்கலிலிருந்து தினமும் போய்வரலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. பார் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும், பஸ்ஸிலும் ரயிலிலும் நாலு மணி நேரம் போனால் வருகையும் வராது, படிப்பும் வராது. சென்னைக்கும் முடிந்தால் இதே மாதிரி ஒருநாள் போய்ப் பார், பார்க்காத இடத்தைப் பார்த்த இடத்தோடு ஒப்பிட முடியாது.

இங்கிலீஷ் பயத்துக்கு வருகிறேன். கீழ்க் கோர்ட்டில் சாட்சி சொல்வதும் கட்சிக்காரரோடு பேசுவதும் தமிழ்தான். உயர் நீதிமன்றம் ஆங்கிலம், சட்டப் புத்தகங்களும் ஆங்கிலம், அதனால் தப்பிக்க முடியாது. ஆனால் சட்ட ஆங்கிலம் எல்லோருக்கும் புது மொழிதான், கான்வென்டில் படித்த பிள்ளைக்கும் ‘ரெஸ் ஜுடிகேட்டா’ என்றால் முதல் நாள் விளங்காது. அரசியலமைப்புச் சட்டம் தமிழிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தினம் ஒரு பிரிவு படி, 14-லிருந்து ஆரம்பி. கல்லூரி திறப்பதற்குள் அடிப்படை உரிமைகளைக் கடந்துவிடலாம். முதல் இரண்டு வருஷத்தில் அரசியல் அறிவியல், சமூகவியல், பொருளாதாரம் என்று பி.ஏ. பாடங்கள் நிறைய வரும், சட்டம் படிக்க வந்தால் இதெல்லாம் ஏன் என்று சலிப்பு வரும், அந்தச் சலிப்பில் கல்லூரி சரியில்லை என்று முடிவு கட்டிவிடாதே, எல்லா ஐந்தாண்டுப் படிப்பிலும் இப்படித்தான்.

அம்மாவின் மாஜிஸ்திரேட் ஆசை. கீழமை நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருஷம் வக்கீலாகத் தொழில் செய்திருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் படித்து முடித்ததும் நேராக நீதிபதி என்கிற பேச்சு இல்லை, எந்தக் கல்லூரியில் படித்தாலும் மூன்று வருஷம் கோர்ட்டில் நின்றாக வேண்டும். அந்தத் தேர்வில் உன் விடைத்தாளைத்தான் பார்ப்பார்கள், கல்லூரிப் பெயருக்கு மதிப்பெண் இல்லை. இதை அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னால் ‘சின்னக் காலேஜ்’ பேச்சு பாதி குறையும். அதே மாதிரி வக்கீலாகப் பதிவு செய்ய நிறையப் பணம் ஆகும் என்று யாராவது அப்பாவைப் பயமுறுத்தினால், பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய், அதற்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு ஒன்று உண்டு, 100 கேள்வி, ஒழுங்காகப் படித்தவர்களுக்குச் சிரமமில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்று நீ எழுதியதை மறுபடி படித்தேன். 2021-ல் வந்த சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை இடம் சட்டப் படிப்பிலும் உண்டு, விண்ணப்பத்தில் அதைக் குறிக்க மறக்காதே, தலைமை ஆசிரியரிடம் சான்றிதழ் இப்போதே கேட்டு வாங்கு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உனக்கு வரும். சீர்மிகு சட்டப் பள்ளிக்கும் மற்ற சட்டக் கல்லூரிகளுக்கும் தனித்தனி விண்ணப்பம், இரண்டையும் போடு. ஒன்று கிடைத்துவிடும் என்று நம்பி இன்னொன்றை விட்டுவிடாதே.

என் முடிவு என்ன என்று கேட்டாய். இரண்டும் கிடைத்து, நீ எழுதியபடியே இந்த ஊரில் நின்று இந்த ஊர்க்காரர்களுக்கு வழக்காடத்தான் ஆசை என்றால், நான் திருநெல்வேலி என்றுதான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. இரண்டாம் வருஷத்திலிருந்து லீவு விட்டால் குழித்துறையிலோ தக்கலையிலோ ஒரு வக்கீல் ஆபீசில் போய் உட்காரவேண்டும். ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம் பயிற்சி என்று விதியே இருக்கிறது, பலர் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், நீ ஒரு நாளும் விடாமல் போ. கல்லூரி உன்னைத் துரத்தாத குறையை அந்த ஆபீஸ் தீர்த்துவிடும். சென்னை போனாலும் இதே நிபந்தனைதான், ஆனால் அங்கிருந்து ஊருக்கு வந்து உட்கார்வது கஷ்டம்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன், எதிலும் சேருவதற்கு முன். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை, ஜூனில் திறந்ததும் மூன்று நாள் குழித்துறை கோர்ட்டுக்குப் போ. யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம், பின் வரிசையில் போய் உட்கார், போனை அணைத்துவிடு. முதல் நாள் ஒன்றும் புரியாது, பேர் கூப்பிடுவதும் வாய்தா போடுவதுமாகவே பன்னிரண்டு மணி ஆகிவிடும். இரண்டாம் நாள் ஒரு சாட்சி விசாரணையாவது பார்த்துவிடுவாய். மூன்றாம் நாளும் போகவேண்டும் என்று உனக்காகத் தோன்றுகிறதா என்று பார், எனக்கு அது ஒன்று போதும். அப்பாவின் வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, எந்தக் கோர்ட்டில் என்று காட்டும். முடிந்தால் அந்த நாளில் அப்பாவோடு போய் உட்கார். வழக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன், அவருக்கு வக்கீல் இருக்கிறார். ஆனால் ஒன்பது வருஷமாக அப்பா தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டு வந்த பெஞ்சு அது, ஒருநாள் நீயும் பக்கத்தில் இரு.